இடப்பெயர்ச்சி சுழி

மஞ்சக்குப்பத்தில் உரக்கடைக்கு மேல் மாடி.
பெண்களுக்கு மாலை ஐந்தரை முதல் ஆறரை.
யூரியா வாடை நமக்கு முன்பே படியேறிப்போய்
பாய் விரித்துப் படுத்திருக்கும்.

சுவரில் முதுகு. தொடை தரைக்கு இணை.
முழங்காலில் தொண்ணூறு பாகை.
நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான்,
நாற்காலியை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"நாப்பத்தஞ்சு செகண்டு மிஸ். அசையக் கூடாது."
கடிகாரம் பார்ப்பவள் மெஹருன்னிசா.
பதினொன்றாம் வகுப்பில் என்னிடம்
இயற்பியலில் முப்பத்தொன்று வாங்கியவள்.
நாலு மதிப்பெண் போட்டிருக்கலாம்.
போடவில்லை.
அவளும் இப்போது ஒரு நொடி குறைப்பதில்லை.

பன்னிரண்டில் தொடை பேச்சுக் கொடுக்கும்.
இருபதில் சண்டை.
முப்பதுக்கு மேல் தையல் மிஷின்.
"மூச்சப் புடிக்காதீங்க மிஸ், வெளிய விடுங்க.
சபூர்... சபூர்..."
அவள் வீட்டில் அதற்குப் பொறுமை என்று பொருள்.
என் காலுக்கு
இன்னும் பதினைந்து என்று பொருள்.

இருபத்திரண்டு வருடமாகப் பலகையில் எழுதுகிறேன்:
வேலை சமம் விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி.
நாள் முழுக்கச் சுவரைத் தள்ளு,
சுவர் நகரவில்லையென்றால் நீ செய்த வேலை சுழி.
வருடத்துக்கு ஒருத்தராவது கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுவிடுவார்கள்,
"அப்ப ஏன் மிஸ் வேர்க்குது?"
பாடத்தில் இல்லை, உட்கார் என்பேன்.
ஒரு வருடம் கேட்டது இவள்தான்.

இவள் சொல்லித்தான் தெரியும்:
எந்தக் கோணத்தில் பிடித்து நிற்கிறோமோ
அந்தக் கோணத்தை ஒட்டித்தான் வலு ஏறுமாம்.
சரியாகத்தான் இருக்கிறது.
சாக்பீஸ் உயரத்தில் என் வலது கை அலுத்ததில்லை.
பாண்டி பஸ்ஸில் மேல்கம்பி பிடிக்கும் இடது கை
கிருமாம்பாக்கம் தாண்டியும் தாங்கும்.
தரையில் உட்கார்ந்தால்தான்
எழுந்திருக்கச் சுவர் தேடுகிறேன்.
அந்தக் கோணத்தில் நான் நின்றதே இல்லை.

கார்த்திகையில் புயல்.
பெயர் வைத்திருந்தார்கள், மறந்துபோயிற்று.
தேவனாம்பட்டினம் சாலையில் வாடகை வீடு,
இரவு இரண்டு இருபதுக்கு
வாசற்கதவின் தாழ்ப்பாள் திருகாணியோடு பெயர்ந்து விழுந்தது.
வெளியே வங்கக்கடல் முழுக்க ஒரே ஆளாகி
கதவுக்குத் தோள் கொடுத்தது.
நான் திரும்பி முதுகு கொடுத்தேன்.
தொடை தரைக்கு இணை.

தண்ணீர் ஏறி, பிள்ளைகளோடு எங்கள் ஹாலுக்கு வந்திருந்த
கீழ்வீட்டு ஆரோக்கியமேரி
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்
நாற்காலி இல்லாமல்.
நாற்பத்தைந்து எண்ணினோம்.
அவள் தாங்க நான் நிமிர்ந்தேன், நான் தாங்க அவள்.
"பிரசவத்துல கூட இவ்ளோ நடுங்கல டீச்சர்."
இருட்டில் சிரிப்பு மட்டும் தெரிந்தது.
சிரித்தால் பிடி விட்டுவிடும் என்று
இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.
நாலேகால் வரை.
கதவு ஒரு விரற்கடை உள்ளே வரவில்லை.

மூன்றாம் நாள் கணக்கெடுக்க ஒருவர் வந்தார்.
காதில் பேனா, கையில் ஈரமான படிவம்.
ஓடு? கூரை? கதவு, ஜன்னல்?
எல்லாம் அந்தந்த இடத்தில்தான் இருக்கிறது என்றேன்.
"சேதம் இல்லை" என்று எழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.
படியிறங்க எனக்குக் கைப்பிடி வேண்டியிருந்தது.

பள்ளி திறந்த அன்று பதினொன்று ஆ பிரிவு.
வேலை என்று எழுதினேன், சமம் என்று எழுதினேன்,
விசை எழுதி, பெருக்கல் குறியில் சாக்பீஸ் நின்றது.
கையை இறக்கவில்லை.
திரும்பியும் பார்க்கவில்லை.
கடைசி பெஞ்சிலிருந்து
அந்தக் கேள்வியை யாராவது கேட்கட்டும்.

மின்விசிறிச் சத்தம்.
பதினெட்டு,
பத்தொன்பது,
இருபது.